ரஷ்யச் சிப்பாய் கையில் கௌபாய் துப்பாக்கியா? பழைய போர்ப் படத்தில் ஒரு ரைஃபிளை அடையாளம் காணும் முறை

இப்படி ஒரு படம் உங்கள் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பனி மூடிய தரை. கம்பளி ரோமத் தொப்பி, முழங்காலுக்குக் கீழே தொங்கும் கனமான கோட்டு, முகத்தில் தூக்கமின்மை. படத்தின் அடியில் 'ரஷ்யச் சிப்பாய், முதல் உலகப்போர்' என்று எழுதியிருக்கிறது. எல்லாம் பொருந்துகிறது, கையில் இருக்கும் துப்பாக்கி மட்டும் பொருந்தவில்லை. விசைக்குக் கீழே இரும்பு வளையம் ஒன்று நீளமாக இறங்கி வருகிறது. குதிரையில் போகும் கௌபாய்கள் படபடவென்று கீழே இழுத்து மேலே தள்ளுவார்களே, அந்த லீவர்.

முதலில் மனத்தில் தோன்றுவது, 'இது போலிப் படம்' என்பதுதான். அல்லது யாரோ நாடகத்துக்கு வேஷம் போட்டு நிற்கிறார்கள் என்று தோன்றும். இரண்டுமே பெரும்பாலும் தவறு. 1915-க்கும் 1917-க்கும் இடையில் ரஷ்யப் படையில் லட்சக்கணக்கானோர் இந்தத் துப்பாக்கியைத்தான் சுமந்தார்கள். அது என்ன துப்பாக்கி, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, ஏன் அது அங்கே வந்தது என்ற மூன்று கேள்விகளையும் இந்த ஒரு படத்தை வைத்தே பார்க்கலாம். துப்பாக்கி பற்றி எதுவுமே தெரியாதவர்களும் தொடரும்படி எழுத முயல்கிறேன்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் துப்பாக்கியின் நுனியைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீளமா, குட்டையா, முனையில் கத்தி இருக்கிறதா என்று. அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் நடுப்பகுதிக்கு வாருங்கள். விசைக்கு மேலேயும் முன்னாலேயும் உள்ள ஒரு சாண் இடத்தில்தான் தோட்டா உள்ளே போகிறது, வெடிக்கிறது, வெற்றுக்கூடு வெளியே வருகிறது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்று ஒவ்வொரு வடிவமைப்பாளரும் தனக்கென்று ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அதனால் துப்பாக்கியின் முகம் என்றால் அந்த இடம்தான்.

அந்த ஒரு சாண் இடத்தில் இரண்டே விஷயங்களைத் தேடுங்கள். தோட்டாவை உள்ளே தள்ளும் கைப்பிடி எங்கே இருக்கிறது? தோட்டாக்களை வைத்திருக்கும் பெட்டி, அதாவது மேகசின், வெளியே தெரிகிறதா?

இரண்டு உலகப்போர்களின் காலத்திலும் பெரும்பாலான படைகள் வைத்திருந்தவை போல்ட் வகை ரைஃபிள்கள். நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். குமிழைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மறுபடி இறக்க வேண்டும். போல்ட்டும் அதேதான். குமிழ் துப்பாக்கியின் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குமிழ் நேராக நிற்கிறதா, கீழே வளைந்திருக்கிறதா, விசைக்கு நேர் மேலே இருக்கிறதா, முன்னால் தள்ளி இருக்கிறதா என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

ரஷ்யப் படையின் வழக்கமான துப்பாக்கி 1891-ஆம் ஆண்டு மாதிரி மோசின் நாகாந்த். அதன் குமிழ் குட்டையாக, நேராக, விசையிலிருந்து நன்றாக முன்னால் தள்ளி நிற்கும். விசை வளையத்துக்கு முன்னால் ஐந்து தோட்டா கொள்ளும் ஒரு சின்ன மேகசின் முக்கோணச் சாய்வில் துருத்தும். துப்பாக்கியின் நீளம் சுமார் 130 சென்டிமீட்டர். முனையில் கத்தி போல இல்லாமல் ஊசி போல ஒரு பயனெட். ரஷ்யச் சிப்பாய்கள் அதைக் கழற்றாமலே வைத்திருப்பது வழக்கம். பயனெட்டோடு சேர்த்தால் துப்பாக்கி ஆளைவிட உயரமாகத் தெரியும்.

ஜெர்மானியரின் மௌசர் 98-இல் மேகசின் மரக்கட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். அடிப்பக்கம் வழவழவென்று ஒரே கோடாகப் போகும். பிரெஞ்சுக்காரர்களின் லெபெல் துப்பாக்கியிலும் அடியில் துருத்தல் இருக்காது, ஆனால் காரணம் வேறு. அதன் எட்டுத் தோட்டாக்களும் குழலுக்குக் கீழே மரத்துக்குள் ஒரு குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். மரக்கட்டையும் ஒரே துண்டாக இராது. நடுவில் வெறும் இரும்பு தெரிய, முன்னும் பின்னும் இரண்டு துண்டுகள்.

பிரிட்டிஷ் லீ என்ஃபீல்டு நம்மில் பலருக்கும் பழகிய முகம். 'த்ரீ நாட் த்ரீ' என்று பெயர் சொன்னால் போதும். காவல் நிலையத்திலோ பழைய என்.சி.சி. அணிவகுப்பிலோ பார்த்திருப்பீர்கள். பத்துத் தோட்டா கொள்ளும் மேகசின் விசைக்கு முன்னால் தெளிவாகத் துருத்தும். குமிழ் கீழே வளைந்து விசைக்கு அருகிலேயே இருக்கும். முதல் உலகப்போர்க் காலத்து மாதிரியில் முனை ரொம்ப விசேஷம்: குழல் வெளியே நீட்டாது, மரமும் இரும்பு மூடியும் கிட்டத்தட்டக் குழலின் நுனி வரைக்கும் வந்து சப்பையாக முடியும். எலும்புத் துண்டைக் கவ்விய நாயின் மூக்கு மாதிரி. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

சரி, நம் படத்துக்குத் திரும்புவோம். இதில் குமிழ் எங்கே? வலப்பக்கம் எங்கும் காணோம். அதற்குப் பதிலாக விசை வளையத்தோடு சேர்ந்த லீவர் கீழே இருக்கிறது. ஆக, இது போல்ட் வகையே இல்லை. லீவரைக் கீழே தள்ளினால் பழைய தோட்டாவின் கூடு வெளியே வரும், மேலே இழுத்தால் புதிய தோட்டா உள்ளே போகும்.

லீவர் வைத்த துப்பாக்கி என்றதும் 'வின்செஸ்டர்', அதாவது கௌபாய் படங்களில் வரும் அமெரிக்க நிறுவனத்தின் துப்பாக்கி, என்று அவசரப்பட்டுவிடக் கூடாது. பிரிட்டிஷ் படையும் 1870-களில் லீவர் வைத்த துப்பாக்கியைச் சுமந்தது. அதன் பெயர் மார்ட்டினி ஹென்றி. அது ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. மேகசின் கிடையாது, வெளியே தெரியும் சுத்தியும் (விசையை இழுத்ததும் அடித்துத் தோட்டாவை வெடிக்க வைக்கும் இரும்பு) கிடையாது. நடுப்பகுதி பெட்டி போல வழவழவென்று இருக்கும். வின்செஸ்டரின் பழைய மாதிரிகளான 1866, 1873 ஆகியவற்றில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள குழாயில் இருக்கும். அதனால் குழல் இரட்டைக் குழல் போல, ஒன்றின் கீழ் ஒன்றாகத் தெரியும்.

நம் சிப்பாயின் துப்பாக்கியில் இவை எதுவும் இல்லை. லீவருக்கு முன்னால், துப்பாக்கியின் வயிற்றில், இரும்புப் பெட்டி ஒன்று துருத்துகிறது. பின்பக்கம் சிறிய சுத்தி ஒன்று தெரிகிறது. லீவரும் பெட்டி மேகசினும் ஒன்றாக இருந்து, ராணுவத் துப்பாக்கிக்கு உரிய நீளமான முன்மரமும் இருந்தால், பதில் ஒன்றுதான்: வின்செஸ்டர் 1895.

இதை வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரவுனிங். வின்செஸ்டர் நிறுவனத்தின் லீவர் துப்பாக்கிகளில் குழாயை விட்டுவிட்டுப் பெட்டி மேகசினுக்கு மாறிய முதல் மாதிரி இது. இந்த மாற்றத்தால் என்ன பயன்? பதில் தோட்டாவின் மூக்கில் இருக்கிறது. குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும்போது, பின்னால் உள்ள தோட்டாவின் மூக்கு முன்னால் உள்ளதன் அடிப்பகுதியை முட்டிக்கொண்டிருக்கும். அந்த அடிப்பகுதியின் நடுவில்தான் தட்டினால் வெடிக்கும் மருந்து இருக்கிறது. மூக்கு மழுங்கலாக இருந்தவரை ஆபத்து குறைவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படைகள் எல்லாம் கூர்மூக்குத் தோட்டாவுக்கு மாறின. அந்தக் கூர்முனை மருந்தின்மேல் உட்கார்ந்திருக்க, துப்பாக்கி உதைத்தால் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும் அபாயம் உண்டு. பெட்டியில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. 1895-இல் செய்த இந்த மாற்றம்தான் இருபது வருஷம் கழித்து ரஷ்யர்கள் இந்தத் துப்பாக்கியைத் தேடி வரக் காரணமானது.

அடையாளம் சொல்வது இத்துடன் முடிந்துவிட்டது என்று பலர் நிறுத்திவிடுவார்கள். என் பார்வையில் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. ஒரு துப்பாக்கிக்குப் பெயர் வைத்தால் மட்டும் போதாது. அது அந்த ஆளின் கைக்கு வந்த வழியும் சொல்லப்பட வேண்டும். வழி தெரியாவிட்டால் பெயர்மேலேயே சந்தேகப்பட வேண்டும்.

இங்கே வழி நன்றாகவே தெரியும். 1914-இல் போர் தொடங்கியபோது ரஷ்யா கோடிக்கணக்கில் ஆள் திரட்டக்கூடிய நாடாக இருந்தது. ஆனால் துலா, இஷெவ்ஸ்க், செஸ்ட்ரோரெட்ஸ்க் என்ற மூன்று தொழிற்சாலைகள்தான் அதற்கு ரைஃபிள் செய்தன. முதல் மாதங்களின் தோல்விகளில் ஆட்களோடு துப்பாக்கிகளும் போயின. 1915 கோடையில் படை போலந்திலிருந்து பின்வாங்கியபோது நிலைமை மிகவும் கெட்டது. கையில் ஆயுதம் இல்லாமல் போர்முனைக்கு அனுப்பப்பட்டவர்கள், முன்னால் நிற்பவன் விழுந்தால் அவன் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளக் காத்திருந்தார்கள். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது.

அதனால் ரஷ்யா உலகம் முழுக்கத் துப்பாக்கி வாங்க அலைந்தது. பிரான்சிலிருந்து பழைய கிராஸ் துப்பாக்கிகளும் லெபெல்களும், இத்தாலியிலிருந்து வெட்டர்லிகளும் வந்தன. பத்தே வருஷத்துக்கு முன் 1904-05-இல் தன்னோடு போரிட்டு வென்ற ஜப்பானிடமிருந்தும் அரிசாகா ரைஃபிள்கள் லட்சக்கணக்கில் வந்தன. ஆஸ்திரியர்களிடமிருந்து பிடித்த மான்லிக்கர்களும் வீணாகவில்லை. அமெரிக்காவில் ரெமிங்டன், நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸ் என்ற இரண்டு நிறுவனங்கள் ரஷ்யாவின் மோசின் நாகாந்தையே அச்சு அசலாகச் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டன. அவற்றைப் படத்தில் பார்த்து ரஷ்யத் தயாரிப்பிலிருந்து பிரிக்கவே முடியாது. இரும்பில் குத்திய முத்திரையைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் உண்டு.

வின்செஸ்டர் நிறுவனத்திடம் போனபோது அவர்கள் கையில் ஏற்கெனவே பெட்டி மேகசின் வைத்த 1895 தயாராக இருந்தது. ரஷ்யாவின் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ப அதை மாற்றினார்கள். முன்மரத்தை நீட்டினார்கள். பயனெட் மாட்ட இடம் செய்தார்கள். அப்புறம், ரஷ்யர்கள் வற்புறுத்திய இன்னொன்று உண்டு. மோசின் துப்பாக்கிக்கு ஐந்து தோட்டாக்களை ஒரு தகட்டுக் கிளிப்பில் செருகி, மேலிருந்து ஒரே அழுத்தில் உள்ளே தள்ளுவார்கள். அதே கிளிப் வின்செஸ்டரிலும் வேலை செய்ய வேண்டும் என்றார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தோட்டாவாகப் போட வேண்டும், போர்முனையில் அதற்கு நேரம் ஏது? அதற்காக நடுப்பகுதியின் மேல் இரண்டு பக்கமும் கிளிப்பைப் பிடித்துக்கொள்ளும் சிறு இரும்புக் காதுகள் வைத்தார்கள்.

படம் பார்ப்பவருக்கு அந்தக் காதுகள் ஒரு பொக்கிஷம். வேட்டைக்காக விற்ற 1895-இல் அவை கிடையாது. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குக் கொண்டுபோனதும் 1895 மாதிரிதான். அதிலும் காதுகள் கிடையாது. நடுப்பகுதியின் மேல்விளிம்பு தட்டையாகப் போகாமல் இரண்டு முளைகள் எழும்பித் தெரிந்தால், அது ரஷ்யாவுக்கென்று செய்தது. இப்படி 2,90,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் அனுப்பப்பட்டன. 1895 மாதிரியில் அந்த நிறுவனம் செய்த மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகம் இது. அமெரிக்க மேற்குப்புறத்தின் அடையாளமாக நாம் நினைக்கிற ஒரு துப்பாக்கியில் பெரும்பகுதி ரஷ்யச் சேற்றில்தான் வேலை செய்தது.

அந்தச் சேறு லீவருக்கு ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தரையோடு படுத்துச் சுடுகிறவன் லீவரைக் கீழே தள்ள இடம் வேண்டாமா? துப்பாக்கியைச் சற்றுத் தூக்கவோ சாய்க்கவோ வேண்டும். தூக்கினால் தலையும் சேர்ந்து எழும். போல்ட் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. படைகள் லீவரை விட்டு போல்ட்டுக்குப் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஒரு பழைய முடிச்சும் உண்டு. 1877-இல் இன்றைய பல்கேரியாவில் உள்ள பிளெவ்னா நகரத்தைத் தாக்கிய ரஷ்யர்களைத் துருக்கியர்கள் எதைக் கொண்டு தடுத்தார்கள் தெரியுமா? தூரத்தில் வருகிறவர்களை மார்ட்டினி வகைத் துப்பாக்கிகளால் சுட்டார்கள், நெருங்கி வந்தவர்களை 1866 மாதிரி வின்செஸ்டரால் சுட்டார்கள். துருக்கி அந்த மாதிரியில் 50,000 வாங்கியிருந்தது. ஆக, 1877 அல்லது 78 என்று தேதியிட்ட படத்தில் லீவர் துப்பாக்கி இருந்தால் அது பெரும்பாலும் துருக்கியன் கையில் இருக்கும், 1916 படத்தில் இருந்தால் ரஷ்யன் கையில்.

இனி, படமே நம்மை ஏமாற்றும் இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவற்றில் இடவலம் மாறுவதுதான் மிகப் பெரியது. பழைய கண்ணாடி நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சிட்டால் வலது இடமாகிவிடும். டின்டைப் என்ற தகட்டுப் படங்களோ இயல்பாகவே கண்ணாடிப் பிம்பம் போலத்தான் விழும். பில்லி தி கிட் என்ற அமெரிக்கக் கொள்ளைக்காரனின் புகழ்பெற்ற படம் அப்படிப்பட்ட ஒன்று. அதைப் பார்த்து அவன் இடக்கைக்காரன் என்று பல வருஷம் உலகம் நம்பியது. உண்மையைச் சொன்னது அவன் பிடித்திருந்த 1873 மாதிரி வின்செஸ்டர். அதில் தோட்டா போடும் வாய் வலப்பக்கம்தான் உண்டு, படத்தில் அது இடப்பக்கம் இருந்தது. ஆக, திரும்பியிருந்தது படம். போர்ப் படங்களிலும் போல்ட் குமிழ் இடப்பக்கம் இருந்தால், அரிய இடக்கைத் துப்பாக்கி கிடைத்துவிட்டது என்று துள்ளுவதற்கு முன், பதக்கம் எந்த மார்பில் இருக்கிறது, தொப்பியிலும் தோளிலும் எழுத்து இருந்தால் அது நேராகப் படிக்க வருகிறதா என்று பாருங்கள்.

நிறத்தையும் நம்ப வேண்டாம். அந்தக் காலத்துப் பிலிமும் தட்டுகளும் பெரும்பாலும் சிவப்பை உணராதவை. செம்பழுப்பு மரம் கருப்பாகத் தெரியும், நீல வானம் வெள்ளையாகப் போகும். மரம் கருப்பாக இருக்கிறதே என்று வேறு துப்பாக்கி தேட வேண்டியதில்லை.

நீளத்தை அளக்கலாம், கவனமாக. ஆள் சுமார் 170 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், தரையில் நிறுத்திய 113 சென்டிமீட்டர் லீ என்ஃபீல்டு மார்புக்குச் சற்றுக் கீழே நிற்கும், மோசின் தோளை நெருங்கும். ஆனால் துப்பாக்கி நேராக, ஆளின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கேமராவை நோக்கிச் சற்றுச் சாய்த்துப் பிடித்திருந்தாலும் நீளம் குறைந்து தெரியும். குட்டைத் துப்பாக்கி என்று ஏமாந்துபோக அது போதும்.

ஸ்டுடியோவில் எடுத்த படம் என்றால் இன்னொரு எச்சரிக்கை. பின்னால் திரை, தரையில் விரிப்பு, பக்கத்தில் ஒரு மேஜை இருந்தால், கையில் இருக்கும் துப்பாக்கி அந்தச் சிப்பாயுடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வீட்டுக்கு அனுப்பும் படத்தில் கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்று கிடைத்ததைக் கையில் பிடித்து நிற்பது எல்லா நாட்டிலும் நடந்தது. அங்கே இடுப்புப் பட்டையைப் பாருங்கள். தோட்டாப் பை எந்தத் துப்பாக்கியின் கிளிப்புக்காகச் செய்யப்பட்டது என்பது சில நேரம் துப்பாக்கியைவிட நேர்மையாகப் பேசும்.

துப்பாக்கி தேதியும் சொல்லும், ஒரு பக்கம் மட்டும். ரஷ்யாவுக்கான வின்செஸ்டர் 1895, போர் தொடங்கிய பிறகு ஒப்பந்தம் போட்டு, 1915-இல்தான் அனுப்பத் தொடங்கியது. எனவே கிளிப் காதுகள் தெரியும் ஒரு படத்தின் அடியில் 'டானன்பெர்க், 1914 ஆகஸ்ட்' என்று எழுதியிருந்தால் எழுத்து தவறு, சந்தேகமே வேண்டாம். 'இதற்கு முன்னால் இருக்க முடியாது' என்று உறுதியாகச் சொல்லலாம். 'இதற்குப் பின்னால் இருக்க முடியாது' என்று சொல்லவே முடியாது. ஒரு துப்பாக்கி தன் போரைத் தாண்டியும் வாழும். ரஷ்யப் பேரரசு உடைந்தபின் இவை பின்லாந்திலும் பால்டிக் நாடுகளிலும் தங்கின. 1936-இல் ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது சோவியத் ஒன்றியம் குடியரசுப் படைக்கு அனுப்பிய ஆயுதங்களிலும் இந்த வின்செஸ்டர்கள் இருந்தன. மேல் எல்லையைச் சீருடையிலும் தொப்பியிலும் பின்னணியிலும்தான் தேட வேண்டும்.

இதே முறையை நமக்கு நெருக்கமான ஒரு படத்தில் போட்டுப் பாருங்கள். 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணி படையின் படங்கள் பலவும் இப்போது எளிதாகப் பார்க்கக் கிடைக்கின்றன. சென்னையிலிருந்து போன மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை தாங்கிய படை. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் அதில் ஏராளம். தோளில் ரைஃபிளோடு வரிசையாக நிற்கிறார்கள். ஜப்பான் உதவிய படை, ஆகவே ஜப்பானிய அரிசாகா என்று கை தானாக எழுதப் போகும்.

நிறுத்துங்கள். நடுப்பகுதிக்குப் போங்கள். விசைக்கு முன்னால் பத்துத் தோட்டா மேகசின் துருத்துகிறதா? அரிசாகாவின் மேகசின் மரத்துக்குள் அடங்கியது, அது துருத்தாது. குமிழ் கீழே வளைந்து விசைக்கு அருகில் இருக்கிறதா? முனை சப்பையாக முடிகிறதா? அப்படியென்றால் அது த்ரீ நாட் த்ரீ. வழியும் இருக்கிறது: 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது கீழே வைத்துவிட்டுப் போன ஆயுதங்கள் ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு வந்தன. தோட்டத்தில் வெள்ளைக்கார துரைக்கு அஞ்சி நடந்த பெண்கள், அந்த துரையின் படை போட்டுவிட்டுப் போன துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிற்கிறார்கள். படத்தின் அடியில் எழுதியிருப்பது எதுவானாலும், அந்தச் சப்பை மூக்கு இதைச் சொல்கிறது.